குடல் பாக்டீரியா, புரோபயாட்டிக் கேப்ஸ்யூல், ஃபேட்டி லிவர்: எது உண்மை, எது வியாபாரம்

கேள்வி இதுதான். கணவருக்கு வயது 44, குடிப்பழக்கம் கிடையாது, மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் வயிற்று ஸ்கேன் எடுத்தபோது 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், "இதெல்லாம் குடல் பாக்டீரியா கெட்டுப்போனதால் வருவது, மூன்று மாதம் நல்ல பாக்டீரியா அடைத்த புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் போட்டால் கொழுப்பு கரைந்துவிடும்" என்று சொல்லி, மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் ஆகும் ஒரு டப்பாவையும் காட்டியிருக்கிறார். வாங்கலாமா? இல்லை, வீட்டுத் தயிரும் பழைய சோறுமே போதுமா?

அவர் சொன்னதில் முதல் பாதியில் நிறைய உண்மை இருக்கிறது, இரண்டாம் பாதியில் இல்லை. நான் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுப்பவள். பாக்டீரியாவைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்த விஷயத்தில் உண்மையான அறிவியலை முன்னால் காட்டி, அதன் பின்னால் டப்பாவை விற்கிறார்கள். அதனால் இரண்டையும் பிரித்துச் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், குடலுக்கும் கல்லீரலுக்கும் அப்படி என்ன உறவு? உடம்பில் மற்ற உறுப்புகளுக்கு ரத்தம் இதயத்திலிருந்து நேரே போகிறது. கல்லீரல் அப்படியில்லை, அதற்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலைச் சுற்றிவிட்டு போர்ட்டல் சிரை வழியாக வருவது. நாம் சாப்பிட்டதில் ரத்தத்தில் கலப்பது மட்டுமல்லாமல், குடலில் இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் சமைத்து வெளியே விடுவதும் முதலில் போய் நிற்கும் வாசல் கல்லீரல்தான். அந்த எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "மனித செல்லை விடப் பத்து மடங்கு பாக்டீரியா" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது பழைய கணக்கு. 2016-இல் திரும்பக் கணக்கிட்டபோது ஒரு சராசரி ஆணின் உடம்பில் 30 லட்சம் கோடி மனித செல்கள், 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள், அதாவது கிட்டத்தட்ட சரிக்குச் சரி என்று வந்தது. எடை மொத்தமே 200 கிராம்தான், ஆனால் அந்த 200 கிராம் செய்யும் வேலை சின்னதில்லை.

குடலின் உள்சுவர் ஒரே ஒரு செல் தடிமன். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இறுக்கமான தையல் மாதிரி ஒரு பிணைப்பு உண்டு. சர்க்கரையும் எண்ணெயும் அதிகமாகி நார்ச்சத்து குறைந்த சாப்பாடு வருஷக்கணக்கில் தொடர்ந்தால் அந்தத் தையல் நெகிழ்கிறது. நெகிழ்ந்தால், சில பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் துணுக்குத் துணுக்காக ரத்தத்தில் கசிகிறது. கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்று காவல்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இந்தத் துணுக்கைப் பார்த்ததும் பாக்டீரியாவே உள்ளே வந்துவிட்டதாக நினைத்து அழற்சியைக் கிளப்பிவிடுகிறார்கள். கல்லீரலில் கொழுப்பு சும்மா படிந்திருப்பது ஒன்று, படிந்த கொழுப்போடு இந்தத் தீயும் சேர்ந்து எரிவது வேறொன்று. இரண்டாவதுதான் கல்லீரல் தழும்பேறி இறுகுவதில் கொண்டுபோய் விடும்.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்றால், உண்டு, நல்ல ஆதாரமே உண்டு. 2004-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட்ரிக் பேக்ஹெட், ஜெஃப்ரி கார்டன் குழுவினர், பிறந்ததிலிருந்து ஒரு பாக்டீரியாகூட ஒட்டாமல் வளர்த்த எலிகளுக்குள் சாதாரண எலிகளின் குடல் பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். இரண்டே வாரத்தில் உடல் கொழுப்பு 60 சதவீதம் ஏறியது, கல்லீரலிலும் கொழுப்பு கூடியது. அந்த எலிகள் முன்பு சாப்பிட்டதை விடக் குறைவாகத்தான் சாப்பிட்டன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அதற்கும் முன்னால், உடல் பருமனுக்காகச் சிறுகுடலின் பெரும் பகுதியைத் தாண்டி இணைத்துவிடும் ஓர் அறுவை சிகிச்சை இருந்தது. அது செய்துகொண்ட பலருக்குக் கல்லீரல் கெட்டது. உபயோகப்படாமல் ஒதுங்கிக் கிடந்த குடல் துண்டில் பாக்டீரியா பெருகியது ஒரு முக்கியக் காரணம் என்று சந்தேகித்து மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்த்தபோது ஈரல் கொழுப்பு குறைந்தது. 1980-களின் தொடக்கத்து விஷயம் இது. நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கு வாங்கிப் போடுகிறோமே, அதே மெட்ரோனிடசோல்தான்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2019-இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு. பெய்ஜிங்கில் ஒரு நோயாளி. கல்லீரலில் கடுமையான கொழுப்பு, அழற்சி. மது தொடாமலே, மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு சாப்பிட்டால் போதும், ரத்தத்தில் ஆல்கஹால் அளவு ஏறிவிடும். குடலுக்குள்ளேயே சாராயம் காய்ச்சுவது யார் என்று தேடினால் வழக்கமாக ஈஸ்ட்தான் அகப்படும். இவரிடம் அகப்பட்டது கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியாவின் ஒரு வகை. அதை எலிக்குக் கொடுத்தால் எலிக்கும் ஃபேட்டி லிவர் வந்தது. பிறகு குடிக்காத ஃபேட்டி லிவர்காரர்களைச் சோதித்ததில் அந்தக் குழுவில் 60 சதவீதம் பேரிடம் ஆல்கஹாலை ஓரளவோ அதிகமாகவோ உற்பத்தி செய்யும் கிளெப்சியெல்லா இருந்தது. இது ஒரே நாட்டில் சில பத்துப் பேரிடம் பார்த்தது, எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒரு சொட்டு குடிக்காதவரின் கல்லீரலை நுண்ணோக்கியில் பார்த்தால் குடிகாரரின் கல்லீரல் மாதிரியே இருக்கிறதே, அது எப்படி என்ற பழைய கேள்விக்கு இது ஒரு பதிலாகவாவது இருக்கிறது.

இந்தக் கேள்வி எனக்குச் சொந்தக் கேள்வி. என் அப்பா குடித்ததே இல்லை. சிரோசிஸில், அதாவது அந்தத் தழும்பு முற்றிய நிலையில், போனார். ஊரில் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் "ரகசியமா குடிச்சிருப்பார் போல" என்று முணுமுணுத்ததை அம்மா காதால் கேட்டாள். 1980-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், குடிக்காத 20 பேரின் கல்லீரலில் இதே மாற்றங்களைப் பார்த்து அதற்குத் தனிப் பெயர் வைத்தார். அவர் வைத்த பெயரிலும் 'ஆல்கஹால் சாராத' என்று ஆல்கஹால் வந்து உட்கார்ந்துகொண்டது. 2023-இல்தான் உலகக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து, வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய் என்று பெயரை மாற்றின, சுருக்கமாக மாஸ்ல்டி. பெயர் மாறியதால் அப்பா திரும்பி வரப்போவதில்லை, இருந்தாலும் உங்கள் வீட்டில் யாரும் உங்கள் கணவரை அப்படிப் பேச இடம் கொடுக்காதீர்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்தியாவில் நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2022-இல் வெளியிட்ட கணக்கில், பெரியவர்களில் 38 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது.

சரி, பாக்டீரியாவுக்கு இவ்வளவு பங்கு இருக்கிறதென்றால் நல்ல பாக்டீரியாவை விழுங்கினால் சரியாகிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

உங்கள் குடலில் இருக்கும் கூட்டம் குழந்தைப் பருவத்திலிருந்து அங்கேயே குடியிருப்பது. பெருங்குடலில் ஆக்சிஜன் கிடையாது, இண்டு இடுக்கெல்லாம் ஆள் பிடித்து வைத்திருக்கிறது. கேப்ஸ்யூலில் வருபவை பெரும்பாலும் பாலிலோ ஆய்வகத்திலோ சுலபமாக வளரும் லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள். அவற்றைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணமே, தொழிற்சாலையில் வளர்த்து, உலர்த்தி, டப்பாவில் அடைத்தால் உயிரோடு தாங்கும் என்பதுதான். ஈரலுக்கு நல்லது செய்யும் என்று நாம் பெரிதும் நம்பும் ஃபீகலிபாக்டீரியம் மாதிரியானவை காற்றுப் பட்டாலே செத்துப்போகும், மருந்துக்கடை அலமாரிக்கு அவை வந்து சேருவதில்லை. வரும் பாக்டீரியாவும் தங்குவதில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 2018-இல், மலத்தை மட்டும் பார்க்காமல் எண்டாஸ்கோப்பி செய்து குடல் சுவரிலேயே மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். சிலர் குடலில் ஒட்டியது, சிலர் குடல் அதை அப்படியே வழியனுப்பிவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது. ஆன்டிபயாட்டிக் போட்ட பிறகு புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கு, அவர்களின் சொந்த பாக்டீரியா திரும்பி வர, எதுவும் எடுக்காதவர்களை விடக் கூடுதல் காலம் ஆனது. ஆன்டிபயாட்டிக் சீட்டிலேயே கூட ஒரு புரோபயாட்டிக்கை எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை இதைப் படித்ததிலிருந்து நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

மேட்டுநிலத்தில் நெல் நாற்றைக் கொண்டுபோய் நட்டுவிட்டு, தண்ணீரும் பாய்ச்சாமல், மூன்று மாதத்தில் அறுவடை கேட்பது போலத்தான் இது.

நேரடியாகக் கல்லீரலில் சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். 2013-இல் ஹாங்காங்கில் 20 பேரை வைத்து ஆறு மாதம் செய்த சிறிய ஆய்வில் புரோபயாட்டிக் எடுத்தவர்களின் ஈரல் கொழுப்பு குறைந்தது. விற்பவர்கள் காட்டுவது இந்த மாதிரி ஆய்வுகளைத்தான். அப்புறம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இன்னும் பெரிதாக, இன்னும் கவனமாக ஒன்று நடந்தது, 2020-இல் முடிவு வந்தது. 104 பேர், 10 முதல் 14 மாதம். ஒரு பாதிக்கு தினமும் ஆயிரம் கோடி பிஃபிடோபாக்டீரியமும் அதற்குத் தீனியாக ஒரு நார்ச்சத்துப் பொடியும், மறு பாதிக்கு ஒன்றுமில்லாத போலிப் பொடி. குடல் பாக்டீரியாக் கூட்டம் மாறியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எம்ஆர்ஐ முறையில் அளந்த ஈரல் கொழுப்பில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை, தழும்பைக் காட்டும் குறியீடுகளிலும் இல்லை. கொழுப்பு குறைந்தவர்கள் யாரென்று பார்த்தால், எந்தக் குழுவாக இருந்தாலும் உடல் எடை குறைந்தவர்கள். கனடாவில் 21 பேரை வைத்து, அவர்களில் 15 பேருக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து பாக்டீரியாக் கூட்டத்தையே மொத்தமாக மாற்றிக்கூடப் பார்த்தார்கள். குடல் சுவரின் கசிவு சிலருக்குக் குறைந்தது, ஈரல் கொழுப்பு குறையவில்லை.

பல சின்ன ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்புகளில் கல்லீரல் பாதிக்கப்படும்போது ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிபிடி மாதிரி என்சைம்கள் கொஞ்சம் இறங்குவதாகத் தெரிகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆய்விலும் வேறு பாக்டீரியா, வேறு அளவு, வேறு காலம். எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி வந்த எண்ணை வைத்து உங்கள் வீட்டுக்காரர் எந்த டப்பாவை வாங்குவது என்று எப்படிச் சொல்ல முடியும்? அமெரிக்க, ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டு நெறிகள் எதிலும் ஃபேட்டி லிவருக்குச் சிகிச்சையாகப் புரோபயாட்டிக் இடம்பெறவில்லை.

வருங்காலத்தில் மாறலாம். அக்கர்மான்சியா என்ற பாக்டீரியாவைப் பெல்ஜியத்தில் 32 பேரிடம் மூன்று மாதம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். உயிரோடு கொடுத்ததை விட, பாலைப் பாஸ்ச்சுரைஸ் செய்வது போல மிதமாகச் சூடாக்கிக் கொன்று கொடுத்தது நன்றாக வேலை செய்தது, இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. அது எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆனால் 32 பேர்தான்.

கல்லீரல் நோயில் குடல் பாக்டீரியாவைக் குறிவைக்கும் மருந்தே இல்லையா என்று யாராவது கேட்கலாம். இருக்கிறது. சிரோசிஸ் முற்றி மூளை மந்தமாகும் நிலையில் கொடுக்கும் லாக்டுலோஸ் சிரப், ரிஃபாக்சிமின் மாத்திரை இரண்டுமே குடலில் வேலை செய்பவை. அப்பாவுக்குத் தினமும் அளந்து கொடுத்திருக்கிறேன். அது வேறு கட்டம், வேறு பிரச்சினை, கிரேடு 2 என்று ஸ்கேன் வந்தவருக்குச் சம்பந்தமில்லை.

இப்போது தயிருக்கு வருகிறேன். வீட்டுத் தயிரில் உயிருள்ள லாக்டிக் அமில பாக்டீரியா ஏராளம். ஆனால் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பும் 2001-இல் வகுத்த இலக்கணப்படி, போதிய அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை செய்யும் என்று நிரூபிக்கப்பட்ட உயிருள்ள நுண்ணுயிர்தான் புரோபயாட்டிக். உங்கள் வீட்டு உறைமோரில் எந்த வகை இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை, பக்கத்து வீட்டு உறையில் வேறு இருக்கும். அதனால் தயிரைப் புரோபயாட்டிக் என்று சொல்ல நான் தயங்குவேன். நல்ல உணவு என்று தயங்காமல் சொல்வேன், புரதம் இருக்கிறது, கால்சியம் இருக்கிறது, வயிறு நிறையும். மதியம் ஒரு கிண்ணம் தயிர், வெயிலுக்கு நீர்மோர், தாராளமாக. மோர்க்குழம்பில் கொதித்ததும் பாக்டீரியா செத்துவிடும், இட்லியிலும் அப்படித்தான். மாவைப் புளிக்க வைக்கும் லியூகோனாஸ்டாக் ஆவியில் பிழைப்பதில்லை. ருசிக்கும் சீரணத்துக்கும் புளிப்பு உதவும், பாக்டீரியாக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடையில் சின்ன பாட்டிலில் விற்கும் இனிப்பான புரோபயாட்டிக் பானங்கள், இனிப்பு லஸ்ஸி, பழத் தயிர் இவற்றை இந்த நோய்க்காரர் தொட வேண்டாம், லேபிளில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பழைய சோறு மேல் எனக்குப் பாசம் உண்டு, பாட்டி வீட்டில் சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டு வளர்ந்தவள்தான். அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறியதில் வளரும் லாக்டிக் பாக்டீரியா. இன்னொன்று, சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் சீரணமாகாத வகையாக மாறுகிறது, அது பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. இந்தச் சீரணமாகா மாவுச்சத்தை ஷாங்காயில் 200 ஃபேட்டி லிவர் நோயாளிகளிடம் சோதித்தார்கள், 2023-இல் வெளியானது. தினம் 40 கிராம், நான்கு மாதம், மக்காச்சோளத்திலிருந்து எடுத்த பொடி. ஈரல் கொழுப்பு, ஒப்பீட்டுக் குழுவை விட ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது, எடை குறைந்ததன் பங்கைக் கழித்த பிறகும் பலன் மிச்சம் இருந்தது. குடலில் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா குறைந்ததோடு அந்தப் பலன் ஒத்துப்போனது. பாக்டீரியாவை விழுங்கிப் பலிக்காதது, இருக்கிற பாக்டீரியாவின் தீனியை மாற்றியதும் பலித்தது. நான் இவ்வளவு நேரம் சொல்ல வந்ததே இதுதான்.

உடனே "ஆஹா, பழைய சோறு" என்று கிளம்பிவிடாதீர்கள். சூடான வெள்ளைச் சோறு 100 கிராமில் இந்த வகை மாவுச்சத்து அரை கிராமை ஒட்டி, ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்ததில் ஒன்றரை கிராமை ஒட்டி. 40 கிராம் வேண்டுமென்றால் இரண்டு கிலோவுக்கு மேல் சோறு சாப்பிட வேண்டும், அதற்குள் மற்ற மாவுச்சத்தெல்லாம் ஈரலில் கொழுப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே சோற்றைச் சாப்பிடுகிற அளவுக்குச் சாப்பிடும்போது, அது பழைய சோறாக இருந்தால் நல்லது, அவ்வளவுதான். பாக்டீரியாவின் தீனியை வேறிடத்தில் தேட வேண்டும். நம் சமையலறையில் அது நிறையவே இருக்கிறது: கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை, ராஜ்மா, அவரை, கொத்தவரங்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை, அதிகம் பழுக்காத வாழைக்காய். தினம் சாயங்காலம் பஜ்ஜி, பிஸ்கட், மிக்சர் இருக்கும் இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் வந்தால் போதும், அதுவே பெரிய மாற்றம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்கிறது. வெள்ளைச் சோறு, சாம்பார், அப்பளம் என்று போகும் தட்டில் அதில் பாதி வருவதே கஷ்டம். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவார், இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடட்டும்.

சோறு விஷயத்தில் நேராகவே சொல்கிறேன். சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுக்கச் செய்த ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளிவந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று ஆளை மாற்றியதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை, மொத்த மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர்ப் புரதம் வந்தால் அபாயம் குறைவாக இருந்தது. அது சர்க்கரை நோயைப் பற்றியது, ஆனால் ஃபேட்டி லிவரும் அதே வீட்டுப் பிள்ளைதான். சோறு கால் தட்டு, காய் அரைத் தட்டு, மீதி பயறோ மீனோ முட்டையோ. ஒரு வேளைக்கு மூன்று இட்லி என்ற கணக்கு ஆறு இட்லியாக வளர்வதைக் கவனியுங்கள்.

அப்புறம் சர்க்கரை. பழச்சாறு, குளிர்பானம், இனிப்பு போட்ட டீ. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதிகமாகப் போனால் சிறுகுடல் சமாளிக்க முடியாமல் மீதியைப் பெருங்குடலுக்குத் தள்ளுகிறது, அங்கே பாக்டீரியா அதை அசிட்டேட்டாக மாற்றுகிறது, அந்த அசிட்டேட்டை எடுத்துத்தான் கல்லீரல் கொழுப்பைக் கட்டுகிறது. எலிகளிடம் 2020-இல் இதைப் படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 35 கிராம். இதை முதலில் நிறுத்துங்கள். பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் பயமில்லை. சர்க்கரை இல்லாத காபி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன, காபிப் பிரியராக இருந்தால் அதை விட வேண்டாம்.

எடை. கியூபாவின் ஹவானாவில் 293 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்து, முன்னும் பின்னும் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெரிய சான்று. உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி நீங்கியது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. 84 கிலோ இருப்பவர் என்றால் எட்டரை கிலோ. அவ்வளவு முடியாவிட்டாலும் 5 சதவீதத்தில் கொழுப்பு குறையத் தொடங்கும். நம்மவர்களில் பலர் பார்க்க ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் இருப்பார்கள், ஆணுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டருக்கு மேல் போனாலே கணக்கில் எடுக்க வேண்டும். அவர்களுக்கு 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே பலன் தெரியும். வாரம் 150 நிமிடம் வேகமாக நடக்கட்டும், எடை இறங்காவிட்டாலும் நடையே ஈரல் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும்.

இப்போது, எல்லாவற்றையும் விட அவசரமானது. ஸ்கேனில் வரும் கிரேடு கொழுப்பின் அளவைத்தான் சொல்கிறது, தழும்பைச் சொல்லவில்லை. கிரேடு 1 என்று வந்து உள்ளே தழும்பு முற்றியிருப்பவரும் உண்டு, கிரேடு 3 இருந்து தழும்பே இல்லாதவரும் உண்டு. உயிரைத் தீர்மானிப்பது தழும்புதான். என் அப்பாவின் பழைய ஃபைலில் எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று இருந்தது. யாரும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, அப்போது எல்லோருக்கும்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த கேள்விக்கு ஒரு மலிவான கணக்கு இருக்கிறது, ஃபிப்-4 என்று பெயர். வயதை ஏஎஸ்டி என்ற எஸ்ஜிஓடி எண்ணால் பெருக்குங்கள். அதை, பிளேட்லெட் எண்ணிக்கையை (ஆயிரக்கணக்கில்) ஏஎல்டி என்ற எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதைக் கொண்டு வகுங்கள். வயது 44, ஏஎஸ்டி 38, ஏஎல்டி 61, பிளேட்லெட் 2,40,000 என்று வைத்துக்கொண்டால் விடை 0.89 வரும். 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, சாப்பாட்டையும் நடையையும் பார்த்துக்கொண்டு, சர்க்கரை இல்லாதவர் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையும், சர்க்கரை உள்ளவர் இன்னும் அடிக்கடியும் திரும்பக் கணக்கிட்டால் போதும். 1.3-ஐத் தாண்டினால் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும், அதில் 8 கிலோபாஸ்கலுக்கு மேல் வந்தால் குடல்-கல்லீரல் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மாஸ்டர் செக்கப்பில் இந்த எண்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எடுத்திருப்பார்கள், புதிதாக ரத்தம்கூடக் கொடுக்க வேண்டியிருக்காது. கூடவே மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொலஸ்ட்ரால், ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைகளும் இருக்கட்டும். தழும்பு நடுத்தரமாக இருப்பவர்களுக்கு அமெரிக்காவில் 2024-இல் ரெஸ்மெடிரோம், 2025-இல் செமாக்ளூடைடு என்ற மருந்துகள் அனுமதி பெற்றிருக்கின்றன, அந்த முடிவெல்லாம் மருத்துவருடையது.

கேப்ஸ்யூலால் கெடுதல் உண்டா? ஆரோக்கியமாக இருக்கும் 44 வயதுக்காரருக்குப் பொதுவாக இல்லை. ஆனால் உயிருள்ள பாக்டீரியா என்பதை மறக்க வேண்டாம். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சியோடு சேர்ந்த 296 பேரிடம் செய்து 2008-இல் வெளியான சோதனையில், புரோபயாட்டிக் கொடுத்த குழுவில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்காத குழுவில் 6 சதவீதம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கீமோ எடுப்பவர்கள், ஐசியூவில் இருப்பவர்கள் சொந்தமாக வாங்கிப் போடவே கூடாது. 'ஈரல் டானிக்' என்று வரும் மூலிகைப் பொடிகள் விஷயத்திலும் அதே எச்சரிக்கை. கீழாநெல்லி பற்றி 1988-இல் சென்னையிலிருந்து வந்த புகழ்பெற்ற ஆய்வு ஹெபடைட்டிஸ் பி வைரஸைப் பற்றியது, அதையும் பிற்பாடு வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை, கொழுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. சீந்தில் பொடியைக் கொரோனா சமயத்தில் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஈரல் ஏற்கெனவே கஷ்டப்படும்போது அதற்குக் கூடுதல் வேலை கொடுக்க வேண்டாம்.

டப்பாவை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டியதில்லை, முடியும் வரை சாப்பிடட்டும், அடுத்ததை வாங்காதீர்கள். அந்த 2,000 ரூபாயில் மாதம் முழுக்க வீட்டில் எல்லோருக்கும் சுண்டலும் கீரையும் வரும், மீதியில் ஃபிப்-4 கணக்குக்கு எந்த எண் விட்டுப்போயிருக்கிறதோ அந்த ரத்தச் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். அதை மட்டும் மூன்று மாதம் கேப்ஸ்யூல் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.